கறிவேப்பிலையில் ஒட்டியிருப்பது எச்சமல்ல

தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்று துளிர்விட்டு நாலைந்து நாளானதும், இளம் இலையின் மேல் பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மைனா எச்சமிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக் கழுவப் பார்ப்போம். அது போகாது. குனிந்து உற்றுப் பார்த்தால் அந்த எச்சத்துக்கு ஒரு தலை இருக்கும். அது இலையின் ஓரத்தைப் பொறுமையாகக் கடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் முதன்முதலில் இதைக் கண்டபோது அம்மா வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். குழம்புக்குத் தாளிக்க இலை வேண்டும், அவர் கவலை அவருக்கு. "ரெண்டு வாரம் விட்டுப் பாருங்கம்மா, இலை திரும்பத் துளிர்க்கும்" என்று கெஞ்சித்தான் அந்தப் புழுவைக் காப்பாற்றினேன். அதன்பிறகு எனக்கு முன்பே எழுந்து போய்ப் புழு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் அம்மாதான்.

அந்தப் புழு வளர்ந்தால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியாகும், அல்லது கறிவேப்பிலை அழகியாகும். முதல் சில நாட்கள் பறவை எச்சத்தின் வேடம். எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் வராதே. உடம்பு பெருத்து அந்த வேடம் பொருந்தாமல் போனதும் தோலுரித்துப் பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். அப்போது விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஈரமான இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென வெளியே நீளும், கூடவே ஒரு காரநெடியும் வரும். எறும்பையும் சிறு பூச்சிகளையும் விரட்டுவதற்கான ஏற்பாடு அது. கூட்டுப்புழுவாகும்போதும் சுற்றுப்புறம் பச்சையாக இருந்தால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியாக இருந்தால் பழுப்புக் கூடு. முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். இத்தனையும் நம் சமையலறைக்குப் பக்கத்தில், ஒரு தொட்டிச் செடியில் நடக்கிறது.

பட்டாம்பூச்சிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும்போது நம் மனதில் வருவது பூ. பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று சின்ன வயதிலிருந்தே நம்புகிறோம். வரும்தான், தேன் குடித்துவிட்டுப் போய்விடும். ஒரு ஊரில் பட்டாம்பூச்சி இருக்குமா இருக்காதா என்று முடிவு செய்வது இலை. சிறகு முளைத்த பட்டாம்பூச்சிக்குப் பூக்களில் அவ்வளவு பிடிவாதம் கிடையாது, தேன் எட்டுகிற பூ எதுவானாலும் சரி. புழு அப்படியில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு வகையின் புழுவும் சில குறிப்பிட்ட செடிகளின் இலையைத்தான் தின்னும். அந்தச் செடி கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறு இலையைத் தொடாது.

தாய்க்கு இது தெரியும். முட்டையிட வரும் பெண் பட்டாம்பூச்சியைக் கவனித்தால் அது செடிக்குச் செடி தாவி, ஒவ்வொரு இலையிலும் ஒரு நொடி உட்கார்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்ப்பது தெரியும். சுவையறியும் உறுப்புகள் அதன் கால்களிலும் இருக்கின்றன. தட்டிப் பார்த்து, இதுதான் என் பிள்ளைக்கான இலை என்று உறுதியான பிறகே வயிற்றை வளைத்து முட்டை வைக்கும். பொரித்து வரும் குஞ்சுப்புழுவால் அடுத்த தெருவுக்கு நடந்துபோய் வேறு செடி தேட முடியாதில்லையா!

இந்த உறவு தெரிந்துவிட்டால் நாம் தினம் பார்க்கும் தெருவே வேறு மாதிரி தெரியும். பள்ளிக்கூட மதிலோரம் ஈட்டி போல நிற்கும் நெட்டிலிங்க மரத்தின் இலையில் பச்சைப் புள்ளிகள் போட்ட, நிற்காமல் பறந்துகொண்டே இருக்கும் ஒரு பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடுகின்றன. அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். ஆமணக்குக்கு ஒன்று, தென்னை ஓலைக்கு ஒன்று. ரணகள்ளியின் தடித்த இலைக்குள் சுரங்கம் தோண்டி, இலையின் இரண்டு தோலுக்கும் நடுவிலேயே இருந்து தின்று வளர்கிற சின்னஞ்சிறு பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. மாமரத்து இலையில் வாழும் ஒரு புழுவுக்கு முதுகில் ஒரு மஞ்சள் கோடும் இருபுறமும் இறகு போலப் படர்ந்த பச்சை முட்களும் இருக்கும். இலையின் நடுநரம்பும் அந்தக் கோடும் ஒரே நேராக வருமாறு அது படுத்துக்கொள்ளும். எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாலும் பலருக்குத் தெரியாது.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மாவட்டங்களிலும் கொங்குப் பக்கத்திலும் சிறுபிள்ளைகள் பாப்பாத்தி என்பார்கள். இலங்கையில் வண்ணத்துப்பூச்சி என்பதுதான் வழக்கு. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகத் தமிழ்ப் பெயர் நம்மிடம் பெரிதாக இருக்கவில்லை. எலுமிச்சை அழகி, வெந்தய வரியன், சிவப்புடல் அழகி, வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பெயர்களெல்லாம் அண்மைக்காலத்தில் ஆர்வலர்கள் யோசித்து வைத்தவை. நல்ல பெயர்கள். வெந்தயத்தின் நிறம் தெரிந்தவருக்கு வெந்தய வரியனை அடையாளம் காட்டப் படம்கூடத் தேவையில்லை. கறிவேப்பிலை அழகி என்றால் எந்தச் செடியில் தேட வேண்டும் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

அந்தக் கறிவேப்பிலை அழகியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண் கருப்பு நிறம், பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பெண்களில் ஒரு பகுதி ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு பகுதி வேறொரு பட்டாம்பூச்சியான ரோஜா அழகியைப் போல இருக்கும். மூன்றாவது வகைப் பெண்கள் சிவப்புடல் அழகியை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். ஒரே தாயின் மகள்கள்கூட இப்படி வெவ்வேறு உடையில் வரலாம். கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்த உடை மாற்றம் முழுவதையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே ஒரு மரபணு நடத்துவதாகக் காட்டியது. அசலையும் நகலையும் பிரித்தறிய வேண்டுமானால் சிறகைப் பார்க்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடம்பு சிவப்பு. வேடம் போட்ட கறிவேப்பிலை அழகிக்கு உடம்பு கருப்பு.

ஏன் இந்த வேடம்? சிவப்புடல் அழகியும் ரோஜா அழகியும் நஞ்சுள்ளவை. அவற்றின் புழுக்கள் தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி போன்ற செடிகளை. ஆடு தீண்டாத பாளை என்று நம் முன்னோர் பெயர் வைத்ததிலேயே விஷயம் இருக்கிறது. எதையும் மேய்கிற ஆடுகூட வாய் வைக்காத கசப்பும் நஞ்சும் அதில் உண்டு. புழு அந்த நஞ்சைத் தின்று தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, சிறகு முளைத்த பிறகும் அது உடம்பிலேயே இருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்து அவதிப்பட்ட பறவை அந்தச் சிவப்பு உடம்பை மறுபடி நெருங்காது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தப் பயத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆனால் இந்த ஏமாற்று வேலை பலிக்க வேண்டுமானால் அசல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பறவைக்குச் சிவப்புடல் அழகியின் கசப்பு தெரிந்திருக்க வேண்டும். கரிசல் காட்டு வரப்பிலும் தரிசிலும் தரையோடு படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளை அழிந்துபோனால், ஊருக்குள் எத்தனை வீட்டில் கறிவேப்பிலை வளர்த்தாலும் அந்தப் பெண்களின் உடைக்கு மதிப்பில்லை. நம் மாடித் தொட்டியும் ஊருக்கு வெளியே இருக்கும் முள்ளுக்காடும் இப்படி ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

எருக்கஞ்செடியும் இதே போலத்தான். வெந்தய வரியனின் புழு அதன் இலையைத் தின்று வளரும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, யாரும் என்னைத் தின்ன மாட்டார்கள் என்ற தைரியத்தில், இலையின் மேலேயே பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். வெந்தய வரியனைப் பார்த்து வேடம் போடுகிற வேறொரு பட்டாம்பூச்சியும் இருக்கிறது. அதன் ஆண் கருஞ்சிறகில் பெரிய வெள்ளை வட்டங்களோடு பறக்கும். பெண் மட்டும் வெந்தய வரியனின் அச்சு. அதன் புழு தின்பது, நாம் கூட்டுக்கும் மசியலுக்கும் பறிக்கிற பருப்புக்கீரையை.

இந்த வேடதாரியும் சிவப்புடல் அழகியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், நெடுங்காலம் இடம்பெற்றிருந்தவை. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் பெரிய குற்றமாக இருந்தது. ஆனால் நடைமுறையில் வலை வைத்துப் பிடிக்கிறவரால் நம் ஊர்களில் இவற்றுக்கு வந்த ஆபத்து குறைவுதான். பட்டாம்பூச்சியைப் பிடித்தால் வழக்கு, அது உயிர் வாழும் ஆடுதீண்டாப்பாளையைச் சாலையோரத்திலிருந்து பொக்லைன் வைத்து வழித்தெடுத்தால் கேட்பாரில்லை. எனக்கு இதில்தான் பெரிய மனக்குறை. புலிக்குக் காடு வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. பட்டாம்பூச்சிக்கு அதன் புதர் வேண்டும் என்பது இன்னும் புரியவில்லை. காலிமனையில் எருக்கும் ஆமணக்கும் கிலுகிலுப்பையும் முளைத்திருந்தால் அதைக் குப்பைக்காடு என்கிறோம். சுத்தம் செய்து வெறும் மண்ணாக்கிவிட்டு, எதிரே பூங்காவில் இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் நட்டு, பட்டாம்பூச்சி வரவில்லையே என்கிறோம்.

களைக்கொல்லியும் இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. முன்பு வரப்பைக் களைக்கொத்தியால் செதுக்கினார்கள், வேர் தங்கும், மழைக்குத் திரும்ப முளைக்கும். இப்போது தெளித்துவிட்டால் தும்பை, கிலுகிலுப்பை எல்லாம் ஒரே வாரத்தில் கருகிவிடுகின்றன.

கிலுகிலுப்பை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காய்ந்த நெற்றை ஆட்டினால் உள்ளே விதைகள் கிலுகிலுக்கும், சிறுவயதில் விளையாடியிருப்போம். அந்தச் செடியின் வாடிய தண்டிலும் காயிலும் நீல வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் கொத்துக்கொத்தாக மொய்த்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பூவே இல்லாத செடியில் இவற்றுக்கு என்ன வேலை? அவை பெரும்பாலும் ஆண்கள். செடியின் சாற்றிலிருக்கும் ஆல்கலாய்டு என்ற ஒருவகை வேதிப்பொருளை உறிஞ்சுகின்றன. பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அது மூலப்பொருள், எதிரிகளிடமிருந்து தப்பிக்கவும் உதவும். தேள்கொடுக்குச் செடியிலும் இதே கூட்டத்தைப் பார்க்கலாம்.

இந்த நீல வரியன்களும் கருப்பன்களும்தான் தென்னிந்தியாவின் பெரும் பயணிகள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகவும், பிறகு வடகிழக்குப் பருவமழையை ஒட்டியும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே உள்ள சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே இவை கூட்டங்கூட்டமாக இடம் பெயர்கின்றன. அந்த நாட்களில் கோவையிலோ ஏற்காட்டிலோ ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் தலைக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பதைக் காணலாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு போன்ற மலையடிவார ஓடைகளில் ஈரமணலில் நூற்றுக்கணக்கில் இறங்கி உப்பு உறிஞ்சும். பூந்தேனில் உப்பு கிடைக்காது, அதனால் சேற்றைத் தேடுகின்றன. இவ்வளவு தூரம் போகிற பூச்சிக்கு இரண்டு முனையில் காடு இருந்தால் மட்டும் போதாது. நடுவில் தங்கிப் போக, தேன் குடிக்க, சேறு உறிஞ்ச, ஊர்ப்புறத்துப் புதரும் ஓடையும் வேண்டும்.

இலங்கையிலும் இப்படியொரு பயணம் உண்டு. சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் சமனல கந்த என்று பெயர், சமனலய என்றால் வண்ணத்துப்பூச்சி. சமன் தெய்வத்தின் பெயரோடு சேர்த்தும் அதற்கு விளக்கம் சொல்வார்கள். யாத்திரைக் காலத்தில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்து, அவையும் மலையை வணங்கப் போகின்றன என்று மக்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசு 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. செம்மஞ்சள் நிறம், சிறகோரத்தில் கருங்கோடுகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழ்வது, இலங்கைக் காடுகளிலும் உண்டு. அதன் புழு தின்பது மரவெட்டி என்கிற நீரடிமுத்து மரத்தின் இலையை. அந்த மரத்து விதையின் எண்ணெய்தான் நவீன மருந்துகள் வருவதற்கு முன் தொழுநோய்க்குத் தரப்பட்டது. மாநிலச் சின்னமாக ஒரு பட்டாம்பூச்சி கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் மறவனைப் பார்க்க மலைக்குப் போக வேண்டும். தஞ்சாவூரிலும் விருதுநகரிலும் இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பட்டாம்பூச்சி என்றால் எருக்கில் வளரும் வெந்தய வரியன்தான், முதல் பாடம் அங்கிருந்து தொடங்கினால் நல்லது. ஸ்ரீரங்கத்துக்கு அருகே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-ல் திறக்கப்பட்ட பட்டாம்பூச்சிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூக்களோடு நின்றுவிடாமல் இலைகளையும் புரட்டிப் பாருங்கள். புழுவுக்கான செடிகளையும் அங்கே நட்டிருக்கிறார்கள். 100-க்கும் மேற்பட்ட வகைகள் அங்கே பதிவாகியிருப்பதற்கு அதுவும் காரணம்.

புழு என்றாலே பலருக்கு உடம்பு கூசும். அதற்குக் காரணம் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தில் அடிமரத்தில் அப்பிக்கிடக்கும் அதன் முடி பட்டால் நாள் முழுக்க அரிக்கும், தீப்பந்தம் காட்டி எரிப்பார்கள். அது அந்துப்பூச்சியின் புழு. பட்டாம்பூச்சிப் புழுக்களில் நம் தோட்டங்களில் வருகிற பெரும்பாலானவை தொட்டாலும் ஒன்றும் செய்யாது. கம்பளிப்பூச்சி மேல் உள்ள பயத்தில் கண்ணில் பட்ட எல்லாப் புழுவையும் நசுக்கிவிடுகிறோம்.

புழு என்றால் விவசாயத்துக்குப் பகை என்பதும் முழு உண்மையில்லை. எலுமிச்சை நாற்றுப்பண்ணையில் எலுமிச்சை அழகியின் புழு சேதம் செய்யும், மறுக்கவில்லை. அங்கே கையால் பொறுக்கிப் பக்கத்தில் இருக்கும் பெரிய மரத்தில் விட்டால் போதும், வளர்ந்த மரத்துக்குச் சில இலைகள் போவது இழப்பே இல்லை. இன்னொரு பக்கம், மாவுப்பூச்சியையே தின்று வளர்கிற பட்டாம்பூச்சிப் புழு ஒன்று நம் ஊரில் இருக்கிறது. இலையே தின்னாது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி விவசாயிகளைக் கலங்கடித்தது நினைவிருக்கும். அந்த வெள்ளைப் படலத்துக்குள் புகுந்து அதைத் தின்றுகொண்டிருந்தவற்றில் இந்தப் புழுவும் ஒன்று. உடம்பெல்லாம் மாவைப் பூசிக்கொண்டு மாவுப்பூச்சி போலவே இருக்கும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குட்டிக் குரங்கின் முகம் மாதிரி இருக்கும். மருந்தடித்தால் மாவுப்பூச்சி மெழுகுப் படலத்துக்குள் ஒளிந்து தப்பிவிடும், முதலில் சாவது இதுதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? அடுக்குமாடி வீடானாலும் ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, ஒரு ரணகள்ளித் தொட்டி வைக்க இடம் இருக்கும். மருந்தடிக்காமல் விட வேண்டும், அவ்வளவுதான். இலையில் ஓட்டை விழும், விழட்டும். தோட்டம் உள்ளவர்கள் வேலியோரம் ஒரு எருக்கை விட்டுவைக்கலாம், ஈசுவரமூலிக் கொடி கிடைத்தால் ஏற்றிவிடலாம். கோடையில் ஒரு தட்டில் மணலை நனைத்து வைத்தால் உப்பும் ஈரமும் தேடி வருபவை இறங்கும். பள்ளி, கோயில், குளக்கரை என்று பொது இடங்களில் செடி நடும்போது பூச்செடி பாதி, இலைச்செடி பாதி என்று பேசிப் பாருங்கள். காலிமனையைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும் என்றால் நடுவில் செதுக்கிவிட்டு ஓரத்தில் ஒரு முழம் விட்டுவிடச் சொல்லலாம். வேலை செய்ய வருகிறவர்களிடம் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அவர்களுக்கு நம்மைவிட அதிகமாகச் செடிகளின் பெயர் தெரிகிறது.

முட்டைகளையெல்லாம் எடுத்து வந்து டப்பாவில் அடைத்து வளர்ப்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்க்கலாம். மற்றவை செடியிலேயே இருக்கட்டும். அவற்றில் பெரும்பகுதி குளவிக்கும் எறும்புக்கும் தவிட்டுக்குருவிக்கும் போகும், போகத்தான் வேண்டும். குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது நெல்லை அல்ல, புழுவை.

பார்த்ததைப் பதிவு செய்வதும் ஒரு வேலைதான். 2020-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் இந்தியா முழுக்கப் பெரும் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த மாதத்தில் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை இடமும் தேதியும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் அது என்ன வகை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கே எது எப்போது பறந்தது என்ற கணக்கு இப்படித்தான் சேர்கிறது.

எங்கள் தெருக்கோடி மனையைப் போன கோடையில் வழித்தெடுத்துவிட்டார்கள், எருக்கு ஒன்றுவிடாமல் போய்விட்டது. ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்தது. மண்ணுக்குள் தங்கிய அடிக்கட்டையிலிருந்து சாம்பல் பூத்த இலைகள் நான்கு கிளம்பியிருந்தன, முழங்கால் உயரம்கூட இல்லை. பால் வாங்கப் போன அம்மா திரும்பி வந்து, "அந்த எருக்கு இலைக்கு அடியில வெள்ளையா ஒரு முட்டை இருக்கு, வந்து பாரு" என்றார்.